வேடந்தாங்கலில் நான் தட்டிய கை

சும்மா நிற்பதும் ஒரு வேலைதான். எனக்கு அது வராது. வராது என்று தெரிந்தேதான் என் பெண் செல்வியோடு வேடந்தாங்கல் போனேன்.

செல்வி அப்போது செங்கல்பட்டில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தாள். கல்யாணங்களில் மாப்பிள்ளை முகத்துக்கு லைட் பிடிக்கிற வேலை. நல்லதாக ஒரு பறவைப் படம் எடுத்து வந்தால் அடுத்த முகூர்த்தத்துக்குக் கேமராவை அவள் கையில் தருவதாக முதலாளி சொல்லி, ஒரே ஒரு நாளைக்குக் கேமராவும் கொடுத்திருந்தார். துணைக்கு நான். (பை தூக்க என்று அவள் சொல்வாள்.)

ஏரிக்கரை நடைபாதை நாலு எட்டுதான். அதைக் கடக்க ஒரு காலைப்பொழுது ஆயிற்று. இலை ஆடினால் நிற்கிறாள், நிழல் விழுந்தால் குந்துகிறாள். அம்மாவும் பெண்ணும் மட்டுமாக நாங்கள் போன ஒரே இடம் அது. இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. கடைசியில் ஒரு கருவேல மரத்துக்கு எதிரே நின்றாள். கூட்டில் மூன்று நாரைக் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தாய் இரையோடு வரும், அந்த நொடிதான் படம் என்றாள்.

"யம்மா, மூச்சு வுட்டா கூட மெதுவா வுடு, இன்னா?"

"நான் இன்னா மைக் செட்டா? நீ வேலயப் பாருடி."

கால் மரத்துப்போக நின்றேன். வெற்றிலை கூடப் போடவில்லை. தாய் நாரை வந்தது. கிளைக்கு மேலே இறக்கையை விரித்தது. செல்வி கேமராவைக் கண்ணில் வைத்தாள். நான் அந்தப் பக்கமே பார்த்திருக்கக் கூடாதா? கரைக்குக் கீழே யாருடையதோ ஒரு நாற்றங்கால். அன்றுதான் தெளித்த முளைவிட்ட நெல். அதில் ஒரு குருவிக் கூட்டம் இறங்கியது.

படாளத்தில் சின்ன வயசிலிருந்து அடுத்தவர் வயலில் குருவி விரட்டி வளர்ந்தவள் நான். (பள்ளிக்கூடம் போகாததற்கு அந்தக் குருவிகள்தான் ஒரே காரணம். மத்த காரணமெல்லாம் வாத்தியாருக்குத் தெரியும்.) மூளைக்குச் சேதி போவதற்குள் கை இரண்டும் மேலே போய்விட்டன.

"ஓஓஓய்... ஹோ... ஹோய்..." படபடவென்று கைதட்டல் வேறு.

குருவி போனது. நாரை போனது. ஏரியே எழுந்து போனது. சத்தம் அடங்கியபோது மரத்தில் மூன்று குஞ்சுகள், கரையில் செல்வி. நாலு பேருக்கும் வாய் திறந்தே இருந்தது.

"அது உன் நெலமா யம்மா?"

"இல்லடி."

"உன் நெல்லா?"

"இல்லடி. கை தானா போயிடுச்சி."

அவள் கேமராவைத் திருப்பி என்னிடம் காட்டினாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. கேமராவில் விழுந்திருந்தது மங்கலாக ஒரு வால். இன்னும் ஒரு வருஷம் லைட்தான் பிடித்தாள்.

இப்போது சொந்தக் கேமரா. எங்கள் வீட்டு விசேஷமெல்லாம் அவள்தான் எடுக்கிறாள். மற்றவர்களைச் சிரிக்கச் சொல்வாள். என்னிடம் மட்டும், "யம்மா, கைய மடியில வெச்சிக்கோ" என்பாள். கூட்டமே சிரிக்கும்.

என் மகன் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிய சம்பந்தியம்மா, "எல்லா படத்துலயும் எவ்ளோ அடக்கமா குந்திகினு கீறீங்க" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்றுதான் நினைத்திருப்பார்.