நாலு புள்ளி மூன்று

மீட்டரில் ஒன்று புள்ளி ஒன்று என்று எண் வந்து நின்றதும் சொஃப்ரோன் அப்படியே வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எவ்வளவு?" என்று கொட்டகை வாசலிலிருந்தே கேட்டாள் மனைவி சலோமியா.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு."

"அது ஜாஸ்தியா, கம்மியா?"

"ஒண்ணுக்குக் கீழ இருக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"புள்ளிக்கு அப்புறம் ஒரே ஒரு ஒண்ணு. அதுக்கா மூஞ்சி இப்படித் தொங்குது?"

சொஃப்ரோன் சினையாடு லாயாவையே பார்த்துக்கொண்டிருந்தார். லாயா என்றால் அந்த மலைப் பேச்சில் கறுப்பி; பேருக்கேற்றபடி மூக்கு நுனி முதல் குளம்பு வரை கறுப்பு. வயிற்றில் இரண்டு குட்டிகள். தான் ஏதோ நோயாளி என்ற எண்ணமே இல்லாமல் வைக்கோலைக் குதப்பிக்கொண்டிருந்தது.

போன வருஷம் இதே பருவத்தில், ஒரே வாரத்தில், நான்கு சினையாடுகள் அவர் கொட்டகையில் விழுந்தன. கண் தெரியாமல் போய், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்று, பிறகு படுத்தவை எழுந்திருக்கவில்லை. வயிற்றுக் குட்டிகளும் சேர்ந்தே போயின. உறைந்து கிடந்த மண்ணைக் கடப்பாரையால் பிளந்து அவரே புதைத்தார். அதற்கப்புறம் அவர் சிரித்து சலோமியா பார்க்கவில்லை.

அதனால்தான் இந்த வருஷம் பனி விழுந்து பாதை அடைபடுவதற்கு முன்பே கால்நடை டாக்டர் ஸ்மராந்தா அந்த மீட்டரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. கூடவே ஆட்டின் காதில் குத்த ஊசிகள், ரத்தத்தைத் தொட்டு எடுக்க ஸ்ட்ரிப்புகள். பதினொரு கிராமங்களுக்கு அவள் ஒருத்திதான் டாக்டர்.

"இதப் பாருங்கண்ணே," என்று பொறுமையாகச் சொன்னாள். "வயித்துல ரெண்டு குட்டி இருக்கு. உள்ள போற தீனி பத்தலேன்னா தாயோட உடம்பு தன் கொழுப்பையே கரைச்சுத் தின்ன ஆரம்பிச்சிடும். அது ரத்தத்துல ஏறி விஷமாகும். எவ்வளவு ஏறியிருக்குன்னு இது சொல்லிடும். மூணத் தாண்டினா எனக்குப் போன் போடுங்க. வெளிப்பார்வைக்கு ஆடு நல்லா இருக்கற மாதிரியே தெரியும். அத மட்டும் நம்பிடாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை சொஃப்ரோன் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

அன்று ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பின் முதல் திங்கள். பொழுது சாயும்வரை ஒன்றும் சாப்பிடாமலிருப்பது அந்த மலையில் எல்லோருக்கும் வழக்கம்தான். ஆனால் சாயங்காலம் சலோமியா மேஜையில் பீன்ஸ் சூப்பையும் மக்காச்சோளக் களியையும் வைத்தபோது, சொஃப்ரோன் மூலையில் இருந்த மாதாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தார். லாயாவின் எண் ஒன்றுக்குக் கீழே இறங்கும்வரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடுவதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்தார். செய்த சத்தியத்தை வெளியில் சொன்னால் பலிக்காது என்பது அவர் நம்பிக்கை.

"ஆட்டப் பாத்துக்கிட்டே சாப்பிடறேன்," என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். களி முழுவதையும் லாயா தின்றது. சூப்பில் மிதந்த வெங்காயத்தை மட்டும் ஒதுக்கியது.

செவ்வாய்க்கிழமை ஒன்று புள்ளி ஏழு.

தீனி போதவில்லை என்று முடிவு செய்தார். லாயாவை மந்தையிலிருந்து பிரித்துத் தனித் தடுப்பில் விட்டார். ஓட்ஸ், நல்ல புல், தன் பங்குக் களி. முன்னைவிட உறுதியாக நோன்பிருந்தார்.

புதன்கிழமை இரண்டு புள்ளி ஆறு.

டாக்டர் கொடுத்திருந்த இனிப்பு மருந்தைப் பாட்டிலோடு அதன் வாயில் கவிழ்த்தார். லாயா பாதியை விழுங்கி, மீதியை அவர் மீசைமேல் தும்மியது. சொஃப்ரோன் உதட்டில் ஒட்டியதைக்கூட நக்காமல் துடைத்தெறிந்தார். சத்தியம் சத்தியம்தான்.

"ஆடு கொழுகொழுன்னு நிக்குது. நீங்கதான் இளைச்சுக்கிட்டே போறீங்க," என்றாள் சலோமியா.

"வெளிப்பார்வைய நம்பக் கூடாது," என்றார் சொஃப்ரோன்.

வியாழக்கிழமை மூன்று புள்ளி ஐந்து. டாக்டருக்குப் போன் செய்தார்.

"தீனி எடுக்குதா அண்ணே?"

"நல்லாவே எடுக்குது, டாக்டரம்மா."

"தள்ளாடுதா?"

"இல்ல. தூக்கமில்லாம நான்தான் தள்ளாடறேன்."

"வாய்கிட்ட மோந்து பாருங்க. அழுகின ஆப்பிள் மாதிரி இனிப்பா வாடை அடிக்குதா?"

சொஃப்ரோன் லாயாவின் முகத்தோடு முகம் வைத்து மூச்சை இழுத்தார். வாடை அடித்தது. நன்றாகவே அடித்தது. "ஐயோ, அடிக்குதே! நேத்துலேர்ந்து அடுப்படியிலகூட அடிக்குது, டாக்டரம்மா!"



"நாளைக்கு நாலத் தாண்டிச்சுன்னா வயித்த அறுத்துக் குட்டிகள எடுத்துடணும்," என்றாள் டாக்டர். "குட்டி போட இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. இப்ப எடுத்தா குட்டிங்க பிழைக்காது. தாயையாவது காப்பாத்தலாம்."

அவர் போனை வைத்துவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னபோது சலோமியா, குட்டிகளைத் துடைப்பதற்கென்று கிழித்து மடித்து வைத்திருந்த பழைய கம்பளித் துணிகளை எடுத்துப் பெட்டியின் அடியில் திரும்ப வைத்தாள். வைத்துவிட்டு, பெட்டி மூடியின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நாலு புள்ளி மூன்று.

பாதை முழுக்க இடுப்பளவு பனி. மரம் இழுக்கும் கிளிகோரின் டிராக்டரில் தொற்றிக்கொண்டு, அறுவைப் பெட்டியை மடியில் அணைத்தபடி, மதியத்துக்கு டாக்டர் வந்து சேர்ந்தாள். கிளிகோர் அதிகம் பேசாதவன். கொட்டகைக்குள் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவன்போல ஓரமாக நின்றான். லாயா அவன் கோட்டுப் பொத்தானை மெல்ல ஆரம்பித்தது.

டாக்டர் அதன் கண்ணைப் பார்த்தாள், ஈறைப் பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள். காதில் ஊசியால் குத்தி, ரத்தத்தைத் தன்னுடைய மீட்டரில் வைத்துப் பார்த்தாள்.

"பூஜ்யம் புள்ளி நாலு," என்றாள்.

"உங்க மீட்டர் கெட்டுப்போச்சு," என்றார் சொஃப்ரோன்.

"அண்ணே, இது போன வாரம் வந்த புதுசு."

"பனியில வந்துச்சில்ல, விறைச்சிருக்கும். குடுங்க என்னோடத."

அவர் மீட்டரில் டாக்டர் பார்த்தாள். பூஜ்யம் புள்ளி நாலு. டாக்டரின் மீட்டரை வாங்கி அவர் பார்த்தார். நாலு புள்ளி மூன்று. மறுபடி மாற்றிக்கொண்டார்கள். எந்த மீட்டரானாலும் அவள் குத்தினால் நோய் இல்லை, அவர் குத்தினால் ஆடு சாகக் கிடக்கிறது. சலோமியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எனக்குப் புரியல," என்றாள் டாக்டர்.

"எனக்குப் புரியுது," என்றார் சொஃப்ரோன். "இந்தக் கொட்டகைமேல ஏதோ சாபம் இருக்கு. போன வருஷம் நாலு. இப்ப இது. நானும் திங்கக்கெழமையிலேர்ந்து ஒரு பருக்கை வாயில வைக்கல, டாக்டரம்மா. இது எண் இறங்கற வரைக்கும் பட்டினின்னு மாதாகிட்ட சத்தியம் பண்ணினேன். அஞ்சு நாளாச்சு. இன்னும் நான் என்னதான் செய்யணும்?"

"அஞ்சு நாளா!" சலோமியா மார்பில் அடித்துக்கொண்டாள். "அப்ப நான் போட்ட களியெல்லாம்?"

"அது தின்னுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணிலிருந்து நீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"கத்திய எடுங்க, டாக்டரம்மா," என்றார். "தாயையாவது காப்பாத்திக் குடுங்க."

டாக்டர் பெட்டியைத் திறந்தாள். கத்தியைத் தொட்ட கை அங்கேயே தயங்கியது. "இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துடலாம்ணே. மெதுவா. எப்பவும் எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க. கிளிகோர், தலைய ஆடாமப் பிடி."

கிளிகோர் மண்டியிட்டு லாயாவின் தலையைக் கைகளுக்குள் வாங்கிக்கொண்டான். அவன் முகம் அதன் காதுக்கு நேராக இருந்தது. சொஃப்ரோன் விறைத்த விரல்களால் ரோமம் அடர்ந்த காதை மடித்து, அடியில் கட்டைவிரலைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை அழுத்தினார். கறுப்பு ரோமத்தினூடே சிவப்பாக ஒரு துளி எட்டிப் பார்த்தது.

மீட்டர் எண்ணிக்கொண்டிருந்தது.

கிளிகோர் தொண்டையைச் செருமினான்.

"டாக்டரம்மா, ஊசி காதுமேல படவே இல்ல, அண்ணனோட மரத்துப்போன கட்டைவிரல்லதான் ஏறுது, ஆட்ட விடுங்க, மொதல்ல இந்த மனுஷனுக்கு ஒரு வாய் களி குடுங்க."