நான் துப்புரவாக்கிய நியூட் குளம்

குப்பையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் கிடக்கும் சொக்லட் தாளைக்கூடப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குகிறவள் நான். (அந்தப் பையைத் திறந்து பார்க்கும் தைரியம் என் கணவருக்கு இன்னும் வரவில்லை.) இதை ஒரு நல்ல குணம் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

மகள் ஆரபிக்கு அப்போது எட்டு வயது. லண்டனில், நோர்பரியில் எங்கள் வீட்டுக்கு அருகேதான் படித்தாள். பள்ளிக்கூடத் தோட்டத்தில் ஒரு சின்னக் குளம், குளத்தில் நியூட்டுகள். பார்வைக்குப் பல்லி, உறவுமுறையில் தவளைக்குச் சொந்தம். வசந்தகாலத்தில் தண்ணீருக்குள் இறங்கி முட்டையிடும். அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பை அவளுடைய வகுப்பு எடுத்திருந்தது. ஆரபி சாப்பாட்டு மேசையில் தினமும் அதைப்பற்றியே விளக்குவாள். நான் “ஓம், ஓம்” என்று சொல்லிக்கொண்டே அவளுடைய தட்டில் கத்தரிக்காயை வைப்பேன். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, தோட்டவேலைக்கு உதவ வரும்படி பெற்றோரைக் கேட்டிருந்தார்கள். எனக்கு ஷிப்ட் இல்லாத நாள். அரைமணி நேரம் முந்தியே போய்விட்டேன். பிள்ளைகள் வரும்வரை குளத்தடியில் இருக்கும்படி ஆசிரியை மிஸ் பார்க்கர் சொன்னார். போய்ப் பார்த்தால், குளத்துக்குள் கிழிந்த கறுப்புக் குப்பைப் பைகள் கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன. பிள்ளைகள் படிக்கிற இடமா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டைக்கையை மடித்துவிட்டு அத்தனையையும் இழுத்தெடுத்தேன். மதியச் சாப்பாட்டுக் கழிவு போடும் பெரிய சக்கரத் தொட்டிக்குள் எறிந்தேன்.

பிள்ளைகள் பூதக்கண்ணாடிகளோடு வரிசையாக வந்தார்கள். குளத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒரு சிறுமி சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள்.

“அம்மா, அது குப்பையில்லை,” என்றாள் ஆரபி. “நியூட் முட்டையிடுறதுக்கு நாங்கள்தான் பையைத் துண்டு துண்டா வெட்டிக் கட்டினது. அதுக்குள்ள முட்டை இருக்கு.”

தாய் நியூட் ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியாக இலைக்குள் மடித்து வைக்குமாம்; இலைக்குப் பதிலாகத்தான் அந்தப் பைத் துண்டுகளாம். முப்பத்தொரு முட்டை எண்ணி எழுதியிருந்தார்களாம். காய்ந்துபோனால் அவ்வளவுதானாம். மிஸ் பார்க்கர் மிகவும் மரியாதையாக எனக்கு விளங்கப்படுத்தினார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தொட்டி என் நெஞ்சளவு உயரம். எட்டிக் குனிந்தேன், எட்டவில்லை. இன்னும் குனிந்தேன். கால் தரையை விட்டது. அடுத்த கணம் வாழைப்பழத் தோலுக்கும் தயிர்க் கிண்ணங்களுக்கும் நடுவில் தலைகீழாக இருந்தேன். வெளியே என் இரண்டு கால்களும் வகுப்புக்குக் காட்சியளித்தன. (ஒரு காலில் சப்பாத்து இல்லை.) வெட்கப்பட நேரமில்லை. அப்படியே கிடந்து ஒவ்வொரு துண்டாகத் தேடி மேலே நீட்ட, பிள்ளைகள் வாங்கிக் குளத்துத் தண்ணீர் வாளிக்குள் போட்டார்கள். பிறகு பள்ளிக்கூடப் பராமரிப்பாளர் வந்து என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கி வெளியே இறக்கினார்.

முட்டைகளை எண்ணினார்கள். இருபத்தெட்டு. மூன்றைக் காணவில்லை. நான் மறுபடி தொட்டியை நோக்கித் திரும்பினேன்.

“அம்மா, அசையாதேங்கோ,” என்றாள் ஆரபி. “உங்கட முதுகில ஒரு துண்டு ஒட்டியிருக்கு.”

அசையவில்லை. மூச்சும் விடவில்லை. முழு வகுப்பும் பூதக்கண்ணாடியோடு என் கார்டிகனை ஆராய்ந்தது. மிஸ் பார்க்கர் அந்தத் துண்டைப் பக்குவமாக உரித்து எடுத்தார். மூன்றும் இருந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள்; முட்டைகளுக்குத்தான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று முதன்முறையாக ஆரபி சொன்னதை வீடுவரை கேட்டுக்கொண்டு நடந்தேன்.

சில வாரங்களில் குஞ்சுகள் வெளிவந்தன. வகுப்புச் சுவரில் பிள்ளைகள் ஒரு படம் ஒட்டினார்கள். ‘நியூட்டின் எதிரிகள்’ என்று தலைப்பு. கீழே மீன், வாத்து, கொக்கு, ஆரபியின் அம்மா. கடைசியாக உள்ளது மட்டும் தொட்டிக்கு வெளியே நீட்டிய இரண்டு கால்கள்.

ஆரபிக்கு இப்போது பதினைந்து வயது. நான் குப்பைப் பையைக் கையில் எடுத்தால் போதும், என் கணவர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்:

“பிள்ளை, உன்ர சாமான்களை எடுத்து வை. எதிரி வெளிக்கிட்டிட்டா.”