தலைவருக்குக் கட்டம் இல்லை

மூன்றாவது மாடி வந்ததும் லிஃப்ட் வழக்கம்போல ஏதோ ஒரு நாட்டு பாஷையில் ஏதோ சொன்னது. குரல் இனிமையாகத்தான் இருந்தது. வாழ்த்துகிறதா, திட்டுகிறதா என்றுதான் தெரியவில்லை.

"நீங்க ஜெயிச்சு நாலு நாள் ஆச்சு. இது இன்னும் நம்ம பாஷைக்கு வரலையே?" என்றார் கூட வந்த பல் டாக்டர்.

தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அடுக்குமாடிச் சங்கத் தேர்தலில் அவரிடம் தோற்றவர்தான் இந்த டாக்டர். முப்பத்தைந்து வீடு, வீட்டுக்கு ஒரு ஓட்டு. பதினெட்டுக்குப் பதினேழு. 'லிஃப்டை நம்ம பாஷை பேச வைப்பேன்' என்ற ஒரே வாக்குறுதியில் தலைவர் கரையேறியிருந்தார். சொந்தமாக அச்சகம் வைத்திருப்பவர் என்பதால், ஓட்டு எண்ணுவதற்கு முன்பே 'தலைவர்' என்று போட்டு ஐந்நூறு விசிட்டிங் கார்டு அடித்துவிட்ட மனிதர். அந்தக் கார்டுகளுக்காகவாவது பதவி நிலைக்க வேண்டும்.

வீட்டுக்குள் போனதும் முதல் வேலையாக லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டார். கம்பெனி ஏழு கடலுக்கு அப்பால் இருந்தது.

"வணக்கம், உங்கள் பயணமே எங்கள் மகிழ்ச்சி. நான் ஏஜென்ட் நாற்பத்தேழு." பெண் குரல். சுருக்கமே இல்லாமல் இஸ்திரி போட்ட குரல்.

"நான் இந்தக் கட்டடத்தோட தலைவர் பேசறேம்மா."

"எங்க ஃபாரத்துல தலைவர்னு கட்டம் இல்லை சார். உரிமையாளர், உபயோகிப்பாளர், விருந்தாளி, இந்த மூணுதான்."

"பதினெட்டு பேர் ஓட்டுப் போட்டு வந்திருக்கேம்மா!"

"ஓட்டுக்கும் கட்டம் இல்லை சார். உரிமையாளர்ங்கற இடத்துல கட்டடம் கட்டினவர் பேரு இருக்கு. உங்களை உபயோகிப்பாளர்னு போடட்டுமா? எல்லாரையும் அப்படித்தான் போட்டிருக்கோம்."

'எல்லாரையும்' என்ற சொல் தலைவருக்குப் பிடிக்கவில்லை.

"விருந்தாளின்னா கொஞ்சம் மரியாதையா இருக்கும்ல? அதுலயே போடுங்க."

"சார், எதுக்கும் ஒருமுறை யோசிச்சு..."

"போடுங்கம்மா!"

கீழே வாட்ச்மேனின் நாய் குரைத்தது. போனுக்குள்ளும் ஒரு நாய் குரைத்தது. நாய்கள் மட்டும் எல்லா நாட்டிலும் ஒரே பாஷை பேசுகின்றன என்று தலைவர் வியந்துபோனார்.

"நீங்க எந்த நாட்டுலேருந்தும்மா பேசறீங்க?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை சார்."

சாயங்காலமே லிஃப்ட் நம்ம பாஷைக்கு வந்துவிட்டது. வெற்றிக் களிப்போடு தலைவர் உள்ளே ஏறி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்த லிஃப்ட் கார்டைக் காட்டினார்.

"விருந்தாளிக்கு வணக்கம். தரைத்தளத்திலேயே காத்திருக்கவும்" என்றது லிஃப்ட். அவர் இறங்கும்வரை அசையவே இல்லை. பின்னாலேயே வந்த பல் டாக்டரை ஏற்றிக்கொண்டு ஜம்மென்று கிளம்பியது. தலைவர் ஆறு மாடி நடந்தார்.

"இந்தப் பதவி வேணாம்னு தலையில அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? உங்க கட்டமே சரியில்லங்க" என்றாள் மனைவி.

"கட்டம் இருந்தாத்தானேடி சரியில்லாம போக!" என்று மூச்சு வாங்கினார் அவர்.

மறுநாள் மறுபடியும் ஏஜென்ட் நாற்பத்தேழு.

"பதிவை மாத்தணும்னா முப்பத்தஞ்சு வீட்டுக்காரங்களும் ஆப்ல சம்மதம்னு அழுத்தணும் சார். ஆனா அழுத்தறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு நிபந்தனைகளைப் படிச்சுப் பாருங்க."

"நாப்பது பக்கம் இருக்கும்மா, அச்சகம் வச்சிருக்கிற நானே படிக்க மாட்டேன்."

வீடு வீடாகப் படியேறி மறுபடியும் பிரசாரம் செய்தார். யாரும் படிக்கவில்லை, எல்லாரும் அழுத்தினார்கள். பல் டாக்டர்கூட ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டே இடது கையால் அழுத்தினார். அன்று மாலை லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போன தலைவர், மனைவியிடம் வேண்டுமென்றே மூச்சு வாங்காமல் பேசினார்.

அடுத்த நாள் முற்பகல் பதினொரு மணிக்கு லிஃப்ட், "இனிய இரவு வணக்கம்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் விளக்கை அணைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

மூன்றாவது மாடிப் படிக்கட்டில் கூட்டம் கூடியது. பல் டாக்டர் போனைப் பார்த்து உரக்க வாசித்தார். "முப்பத்தோராம் பக்கம். இனி இந்தக் கட்டடத்துக்குத் தலைமை அலுவலகத்தின் நேரமே நேரம். அங்க இப்ப நடுராத்திரியாம்! ஏன் சார், ஓட்டு வாங்கி ஜெயிச்சது நீங்க. ஆனா கட்டடத்தை ஆளறது நீங்களா, அந்தக் கம்பெனியா?"

தலைவருக்கு அது சுருக்கென்று தைத்தது. அவருக்கும் அதே சந்தேகம்தான்.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. கை தூக்கினார்கள். ஆதரவாகப் பதினேழு, எதிராகப் பதினேழு.

"ஒரு ஓட்டு குறையுதே. யார் வரல?"

"நாலாவது மாடி பதினாறாம் நம்பர் பொண்ணு சார். வீட்டுலயே உக்காந்து ஏதோ கம்ப்யூட்டர் வேலை பாக்குமே, அது. கதவு பூட்டியிருக்கு" என்றார் வாட்ச்மேன்.

"அந்தப் பொண்ணு வரட்டும். அதுக்குள்ள நான் கம்பெனிக்காரங்களை ஒரு பிடி பிடிக்கிறேன்" என்று தலைவர் போனை எடுத்து நம்பரை அழுத்தினார்.

லிஃப்டுக்குள் போன் அடித்தது.

கூட்டம் கப்சிப்பென்று அடங்கியது. "வணக்கம், உங்கள் பயணமே எங்கள்..." என்ற குரல் தலைவரின் காதிலும் கேட்டது, லிஃப்ட் கதவு வழியாகவும் கேட்டது. பாதியிலேயே இஸ்திரி கலைந்தது. "ஐயோ சார், நான் பதினாறாம் நம்பர்! வேலைக்கு நடுவுல பால் வாங்கலாம்னு இறங்கினேன், மாட்டிக்கிட்டேன். தட்டித் தட்டிப் பாத்தேன், உங்க சத்தத்துல யாருக்கும் கேக்கல. வாட்ச்மேன் அண்ணன்கிட்ட பழைய சாவி இருக்கும், அதை வச்சுக் கதவைத் திறக்கச் சொல்லுங்க!"

தலைவருக்குத் தலை சுற்றியது. "ஏம்மா, கம்பெனியே நீதானா? அப்ப நீயே அங்க ஒரு வார்த்தை சொல்லி எல்லாத்தையும் சரி பண்ணியிருக்கலாமே!"

இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"நான் சொன்னா அங்க யார் சார் கேக்கறாங்க? அதனாலதானே உங்களுக்கு ஓட்டுப் போட்டேன்!"