ஆபரேஷன் நைனா நடத்திய பரீட்சை

ஆபரேஷன் நைனாவிடம் பரீட்சை கொடுக்காமல் திருத்தணியில் எந்தக் குழந்தையும் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆள் டாக்டரும் இல்லை, வாத்தியாரும் இல்லை. பஸ் ஸ்டாண்டு ஓரம் டீக்கடை. வயசு நாற்பதுதான், ஆனாலும் ஊருக்கே நைனா.

குழந்தையோடு யார் வந்தாலும் முதல் கேள்வி தாய்க்கு: "ஆபரேஷனாம்மா, நார்மலா?" அடுத்தது குழந்தைக்கு: "ஏழு பன்னு வெச்சேன், ரெண்டைக் கொரங்கு தூக்கினு போச்சு. மீதி எத்தினி?"

ஒரு அம்மா கொதித்துப்போனார். "ஆபரேஷன்தான்! எங்க வூட்டுக்காரரே இதெல்லாம் கேட்டதில்ல, நீ யாருய்யா?"

"கோவம் அப்பறம் படும்மா. பாப்பா, மீதி எத்தினி?"

"கொரங்கு எங்க?" என்றது பாப்பா.

நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பதிலை வுடு சார்," என்று என் பக்கம் திரும்பினார், "கேள்வி கேக்குது பாரு! ஆபரேஷன் கொழந்த!" இரண்டு பன் இலவசம்.

நான் அந்த ஊர் தாலுகா ஆபீசுக்கு மாற்றலாகிப் போய், ஒற்றை அறையில் சுவரோடு பேசிக்கொண்டிருந்த காலம். பேச்சுத் துணைக்காகவே அங்கே டீ குடித்தேன். ஒரு மழை மத்தியானம், கடையில் ஈ காக்கா இல்லை. அப்போதுதான் சொன்னார்.

மனைவிக்கு சிசேரியன்தான் என்று முடிவானதும், பிள்ளை கிருத்திகையில் பிறக்கவேண்டுமென்று குறித்த நாளை முன்னுக்கு இழுக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு டாக்டர் மறுக்க, இன்னொருவரைப் பிடித்திருக்கிறார்.

"மலை மேல கீறவன் நட்சத்திரம் சார், வுட முடியுமா?"

பையன் தணிகைக்கு நாலு வயசு. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. "உன் அவசரம்தான்யா" என்று சொல்லிவிட்டு, மனைவி அவனைத் தூக்கிக்கொண்டு புத்தூரில் இருக்கும் தாய் வீட்டுக்கே போய்விட்டாள்.

"அதனாலதான்னு சொல்ல முடியாதுன்றாரு டாக்டரு. இல்லவே இல்லன்னும் சொல்ல மாட்டேன்றாரே சார்! அதான் ஊர்க் கொழந்தைங்களைக் கேட்டுக்கினு கீறேன்."

என்னையறியாமல் சொன்னேன்: "நானும் நாள் பாத்து எடுத்த ஆபரேஷன்தான் நைனா. அஞ்சு வயசு வரைக்கும் பேச்சே இல்ல."

"நீயா? வாயை மூடவே மாட்டேன்றியே சார்!"

அடுத்த நிமிஷம் புத்தூருக்குப் போன் போட்டு என் கையில் திணித்துவிட்டார். அவர் மனைவியிடமும் அதையே சொன்னேன்.

"அஞ்சு வயசு வரைக்குமா சார்?"

"ஆங், சத்தியமா."

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு மெல்ல, "அவரு சாப்ட்டாரான்னு கேளுங்க."

கேட்டேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மனுஷன் சொன்னார்: "சாப்ட்டேன்னு சொல்லு சார்."

உண்மையில் நான் சுகப்பிரசவம், பத்தாம் மாசமே பேச்சு. இப்போது எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. இதைப் படிக்கிற நீங்கள் அந்தப் பக்கம் போனால் தயவுசெய்து உளறிவிடாதீர்கள். புத்தூர் பஸ் வரும்போதெல்லாம் நைனா அடுப்பை விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து நிற்கிறாராம். அந்த ஆள் அங்கே ஒண்டியாக நிற்பதை நினைத்தால், எனக்கு இங்கே சோறு இறங்குவதில்லை.