விதைக்கிழங்குப் பெட்டி

இந்தக் கதையைத் தம்பிஐயா அண்ணை தன் வாயாலேயே சொன்னார். சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். ஆனாலும் பல வருசமாக எனக்கு இதில் ஒரு சந்தேகம்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. சண்டையால் குடாநாட்டுக்குப் பாதை பூட்டு. குளிக்கச் சவர்க்காரமும் இல்லை, ஆஸ்பத்திரியில் சத்துக் குளிசையும் இல்லை. தென்மராட்சிப் பிள்ளைகளைத் தான்தான் காப்பாற்றுவது என்று, விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தம்பிஐயா தீர்மானித்தார். ஏற்கெனவே நாலு வருசம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில், உள்ளே மஞ்சளாக ஒரு வற்றாளங்கிழங்கு, அதுதான் சர்க்கரைவள்ளி, வந்திருந்தது. தோல் மற்றக் கிழங்கு மாதிரித்தான். அந்த மஞ்சளில்தான் கண்ணுக்கான சத்து. தேறியது இருபத்தாறு. மாரியில் முளைக்கவைத்து, கொடி வெட்டி, ஊருக்கே கொடுப்பதாகத் திட்டம். அதுவரை பெட்டியில் பூட்டு. திறப்பு அரைஞாண்கொடியில், குளிக்கும்போதும் கழற்றமாட்டார். பெண்சாதி சிவக்கொழுந்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து அவர்களின் கொட்டிலில் இருந்தவள் மரியநாயகி. அவளுடைய ஐந்து வயது மகள் பொழுதுபட்டால் கண் தெரியாமல் சுவரைத் தடவித்தான் நடப்பாள். சிவக்கொழுந்து புருசனிடம் கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, உதிலை நாலைத் தாங்கோவன். பிள்ளை இண்டைக்கும் கிணத்துக்கட்டிலை மோதுப்பட்டுப் போனாள்."

"முருங்கையிலை குடுக்கலாந்தானே?"

"அதைத்தானே துப்பிறாள்."

"விதையைத் திண்டால் மற்றப் பிள்ளையளுக்கு என்ன செய்யிறது? மாரி வரட்டும்."

"மாரி வரேக்கை உவளுக்குக் கண்ணே போயிடும். நீங்கள் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ!"

மாரி வந்தது. தம்பிஐயா பெட்டியைத் திறந்து எண்ணினார். இருபத்தாறு. மனைவியை வெற்றியோடு பார்த்தார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

முப்பது வீட்டுக்குக் கொடி கொடுத்தார். வீட்டுக்கு வீடு பிரசங்கமும் செய்தார். பங்குனியில் ஊர் பார்த்திருக்க, முதற்கிழங்கைத் தானே கிண்டி முறித்துக் காட்டினார். வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. முப்பது வீட்டிலும் வெள்ளை.

"என்ரை கிழங்கு எங்கையப்பா?" என்று மனைவியிடம் பாய்ந்தார்.

"பிள்ளைக்கு அவிச்சுக் குடுத்தன், தேங்காய்ப்பூவோடை. சந்தைக் கிழங்கை எண்ணி வைச்சனான்."

"நாலு வருச வேலையடி!"

"ஏன் கத்திறியள்? உங்கடை கிழங்கு நல்ல கிழங்குதான். அங்கை பாருங்கோ."

வேலிப் படலையடியில், பொழுதுபட்ட மங்கிய வெளிச்சத்தில், மரியநாயகியின் மகள் கோழிக்குஞ்சுகளைத் துரத்தித் துரத்திப் பிடித்துக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு குஞ்சும் தப்பவில்லை.

ஊரில் இன்னும் பதினொரு பிள்ளைகள் அதே பொழுதில் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணை சிரிக்கவில்லை.

போன கிழமை அவரிடம் கேட்டேவிட்டேன்:

"அண்ணை, நீங்களாய்க் குடுக்காமல், குளிக்கேக்கையும் கழட்டாத திறப்பு அக்காவின்ரை கைக்கு எப்பிடிப் போனது?"