சும்மா கிடந்த நிலம்

அகலபுரி என்ற நாட்டை அகலவர்மர் ஆண்டார். தேர்தலில் ஜெயித்து வந்த ராஜாதான். ஜெயித்த பிறகு அவரை அரியணையிலிருந்து இறக்க முடியவில்லை, அது வேறு கதை.

ஒருநாள் உப்பரிகையில் நின்றவருக்கு ஊர் ஓரத்தில் வெறும் மண் தெரிந்தது. வந்ததே கோபம்! "என் ஆட்சியில் எறும்புகூடச் சும்மா இருப்பதில்லை. மண் மட்டும் இருக்கலாமோ?" உடனே சட்டம் பிறந்தது: சும்மா கிடக்கும் நிலமெல்லாம் நகரத்துக்கே சொந்தம்.

அந்த மண் சடைச்சியுடையது. தலைநகரம் தின்ற கீரையில் பெரும்பங்கு அவள் தோட்டத்தில் முளைத்தது. கீரையைப் பிடுங்கி விற்றுவிட்டு, உழுது காயவிட்டிருந்தாள். நிலச்சோம்பல் ஒழிப்பு அதிகாரி கிருபாநிதி வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டார்.

"இங்க என்னம்மா நடக்குது?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மா கெடக்கு. கொஞ்சம் வெயில் குடிக்கட்டும்னு விட்டிருக்கேன்."

பாவி மகள்! அக்கம்பக்கத்து உழவர்களும் அதையேதான் சொன்னார்கள். இளைப்பாறும் மண்ணுக்கு அவர்களிடம் வேறு வார்த்தை கிடையாது. 'சும்மா'வுக்குப் பிறகு வந்த எதையும் கேட்க அதிகாரி அங்கே இல்லை.

தோட்டத்தில் பளபளவென்று ஒரு சந்தைக் கட்டடம் எழும்பியது. சடைச்சிக்கு 'பசுஞ்சோலை' என்ற அடுக்குமாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். மண் என்றைக்காவது திரும்பி வரும் என்று தண்டங்கீரை விதையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். கீரை வரத்து நின்றதும் ஊர் முணுமுணுத்தது. அரசவை கூடியது.

"காய்கறி எங்கிருந்து வருகிறது?" என்றார் ராஜா.

"சந்தையிலிருந்துதான், பிரபு!" என்றார் நகர அமைச்சர், கொஞ்சமும் கூசாமல்.

"அப்படியானால் சந்தை போதவில்லை. இன்னும் கட்டுங்கள்!"

கட்டினார்கள். ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு தோட்டம் போனது. கடைசியில் உலை வைக்க எவர் வீட்டிலும் ஒன்றுமில்லை. அதற்கும் சட்டம் வந்தது: சும்மா கிடக்கும் அடுப்புகளுக்கு முத்திரை வைக்கப்படும்.

கிருபாநிதி கதவைத் தட்டியபோது சடைச்சி பானையில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தாள். அவர் ஆவலோடு மூடியைத் திறந்தார். முகம் தொங்கிப்போனது. அவர் வீட்டு அடுப்புக்கு முந்தின நாளே முத்திரை விழுந்திருந்தது.

"ஏம்மா, உன் தோட்டத்துக் கீரை இப்ப எங்க கெடைக்கும்?"

"அங்கதான் சந்தை கட்டிட்டீங்களே. போய்ப் பாருங்க."

"பாத்தேன். காலியா, சும்மா கெடக்கு."

சடைச்சி நிமிர்ந்தாள். "சும்மா கெடக்கா? அப்ப உங்க சட்டப்படி அதை எடுத்து எங்கிட்டக் குடுங்க சாமி! விதை இருக்கு!"

"சட்டம் மண்ணுக்குத்தாம்மா. கட்டடத்துக்குக் கிடையாது." முத்திரை அரக்கை எடுத்தார். "தண்ணி கொதிச்சா சமையல் ஆயிடுமா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். விதை முழுவதையும் பானையில் கொட்டினாள்.

"சமையல் நடக்குது. எழுதிக்குங்க."

அதிகாரி அரக்கைப் பைக்குள் போட்டார். சாப்பாட்டுத் தட்டு வருமென்று கீழே உட்கார்ந்தார்.