அன்னாசிப் பழமும் பக்கத்து வகுப்பு டீச்சரும்

என் அன்புக்குரிய ஆர்டித் அக்காவுக்கு,

தம்பி வெர்லின் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் மகள் பிரிட்டாவும் சுகம். டுலூத் நகரத்துக் குளிரில் உன் முழங்கால் சுகமா? எங்கள் ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. டேல் அத்தான் பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போனால் காதை மூடிக்கொண்டு போகச் சொல்.

போனில் நீ, "டேய், உனக்கு அந்தப் பொண்ணு மேல பொறாமைடா" என்றாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய்.

எனக்கென்ன பொறாமை? இந்தப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் என்றால் வெர்லின் சார்தான் என்று இருந்தது. செல் எப்படிச் சாப்பிடுகிறது, எப்படிச் சக்தி உண்டாக்குகிறது, எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று ஒரே படத்தை மாட்டி வருஷா வருஷம் நடத்தினேன். வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். பிள்ளைகள் தூங்குவதால்தான் அந்த அமைதி என்று சிலர் சொல்கிறார்கள், அதை விடு. போன செப்டம்பரில் பக்கத்து வகுப்புக்கு டீச்சராக வந்தாள் இந்தக் கென்ட்ரா. வந்ததும் வராததுமாகப் பிள்ளைகளை வராந்தாவுக்கு இழுத்துவந்து, நீங்கள் எல்லாம் தசைத் திசு, சுருங்குங்கள், நீளுங்கள் என்று ஆட வைத்தாள். பிறகு நரம்புத் திசு: ஒருவன் கையை ஒருவன் அழுத்தி, ஜிம்மிலிருந்து சாப்பாட்டு அறைவரை சேதி போகவேண்டுமாம். இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டுச் சேதி போனது, சமையல்கார அம்மாவே கரண்டியோடு வெளியே வந்து பதிலை அழுத்தி அனுப்பினாள். இப்போது கென்ட்ராவின் கார்மேல் விழும் பனியைப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு தள்ளுகிறார்கள். என் காரைப் பனிமேடு என்று நினைத்து ஒரு பயல் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனான்.

இதையெல்லாம் பொறுத்தேன். அவள் வகுப்பில் படிக்கும் பிரிட்டா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், "அப்பா, ரத்தமும் இணைப்புத் திசுதானாம், தெரியுமா? கென்ட்ரா டீச்சர் சொன்னாங்க" என்றாள் பார், அதைத்தான் பொறுக்கமுடியவில்லை. தெரியுமாவா! சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் ரத்தத்தோடு வந்தபோது, அழாதே கண்ணு, இது இணைப்புத் திசு என்று முதன்முதலில் சொன்னவன் யார்? சரி அக்கா, ஒத்துக்கொள்கிறேன். வயிறு எரிகிறது. மற்ற பிள்ளைகள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். என் பெண் போகிறாளே.

அடுத்த வருஷம் மனித உடல் பாடத்துக்கு ஒரே ஒரு வகுப்புதான். செல் விருந்து முடிந்ததும் எந்த வாத்தியாரிடம் படிக்க விருப்பம் என்று பிள்ளைகளே கை தூக்கிச் சொல்லவேண்டும் என்று தலைமையாசிரியர் அறிவித்துவிட்டார். செல் விருந்து உனக்குத் தெரியும், ஆளுக்கொரு செல்லைத் தின்கிற பண்டத்தில் செய்து வைப்பது. நம் பக்கத்தில் கல்யாணமானாலும் சாவானாலும் ஜெல்லி இல்லாமல் நடக்காது, செல் மட்டும் வேறெதில் செய்வார்கள்? கென்ட்ரா தகர டப்பா அன்னாசியை மைட்டோகாண்ட்ரியாவாகப் போடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். டப்பா! நான் விடுவேனா? முழுப் பழமாகவே தேடி வாங்கி, நானே தோல் சீவி, எலுமிச்சை ஜெல்லியில் வரிசையாகப் பதித்து, உட்கருவுக்கு ஒரு பிளம்ஸ் வைத்தேன். ஃபிரிட்ஜில் இடமில்லை. கார் ஷெட்டில் வைத்தேன், இந்தக் குளிரில் அதைவிட ஃபிரிட்ஜ் எது? காலையில் பார்த்தால் கல்லாக இறுகியிருந்தது. கென்ட்ரா ஒழிந்தாள் என்று ஷேவ் செய்யும்போது பாட்டுக்கூடப் பாடினேன்.

சாப்பாட்டு அறையில் ஹீட்டர் அனலாக வீசியது. தலைமையாசிரியர் கரண்டியோடு என் மேஜைக்கு வந்த நேரம் பார்த்து என் செல்லின் ஒரு பக்கம் சரிந்தது. பிறகு மறுபக்கம். அது இறுகவே இல்லை அக்கா, ஷெட்டுக் குளிரில் வெறுமனே உறைந்திருந்தது! மஞ்சள் தண்ணீர் மேஜையிலிருந்து ஒழுக, உட்கரு உருண்டுபோய் அவர் ஷூவில் முட்டி நின்றது. கென்ட்ரா துணியோடு ஓடிவந்து, மெதுவாக, "சார், டப்பா இல்லாம பழமாவே போட்டீங்களா? அதுல இருக்கற நொதி ஜெல்லியோட புரதத்தை வெட்டிடுமே, அப்புறம் எப்படி இறுகும்? டப்பால வர்றது வெந்தது, அதுல நொதி செத்துப் போயிருக்கும்" என்றாள். நொதி! நான் நடத்துகிற பாடம்! கென்ட்ரா கத்திச் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். இந்த ஊரில் கரண்டி பிடித்த அத்தனை பெண்களுக்கும் தெரிந்த விஷயமாம். உனக்கும் தெரியும். உன்னிடம் சொன்னபோது "செய்டா, செய்" என்றாயே, நீயெல்லாம் கூடப்பிறந்தவளா?

கை தூக்கும் நேரத்தில் பிரிட்டாவின் கை கென்ட்ராவுக்குத்தான் போனது. வீட்டுக்கு வரும் வழியில், "கோவிச்சுக்காதீங்கப்பா. உங்க கிளாஸ நான் பொறந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்" என்றாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஆகவே வேலையை விடுகிறேன். அத்தானின் தூண்டில் கடையில் புழு டப்பா அடுக்க எனக்கு ஓர் இடம் கேட்டுச் சொல். புழுக்கள் பக்கத்துக் கடையைப் பார்த்து ஏங்காது. கென்ட்ராவின் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன், மாற்றமில்லை.

உன் முழங்காலுக்கும் அத்தானின் தூண்டிலுக்கும் ஆண்டவன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த தம்பி,
வெர்லின்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு பள்ளி வராந்தாவில் போனேன். கென்ட்ராவின் பிள்ளைகள் அன்றைய பாடத்துக்குத் தோல் திசுவாக நின்றார்கள், தோளோடு தோள் ஒட்டி, இடைவெளியே இல்லாமல். ஒருவனுக்குக் காய்ச்சல், வரவில்லை. "அப்பா, இங்க ஓட்டையா இருக்கு, கிருமி வந்துரும், சீக்கிரம் வாங்க!" என்று எல்லார் முன்னாலும் பிரிட்டா கத்தினாள். போய் நின்றேன். அவள் என் முழங்கையில் கையைக் கோத்துக்கொண்டாள், மணி அடித்த பிறகும் எடுக்கவில்லை. கடைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல். பொறாமை தீர்ந்ததா என்று மட்டும் கேட்காதே, தீரவில்லை. நாளைக்குக் கொழுப்புத் திசுவாம். நடுவில் நிற்க நான்தான் வேண்டும் என்கிறாள் கென்ட்ரா. என் வயிற்றைப் பார்த்துக் கேட்டாளோ என்று சந்தேகமாக இருக்கிறது. இருந்தாலும் போகிறேன்.